உங்கள் பிள்ளை கம்ப்யூட்டரில் படம் எடுக்கிறதா?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் கம்ப்யூட்டர் சரித்திரத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பெரிய பெரிய இயந்திரங்கள் இருக்கும் அந்த இடத்தில் ஒரு வெள்ளை டீ ஜாடியையும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். சமையலறைச் சாமானுக்கு அங்கே என்ன வேலை என்று தோன்றுகிறது அல்லவா?

1970-களில் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் என்பவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் உருவாக்கிப் பார்க்க, எல்லாருக்கும் பழகிய ஒரு பொருள் அவருக்கு வேண்டியிருந்தது. டீ குடிக்க உட்கார்ந்த நேரத்தில், இந்த டீ செட்டையே எடுத்துக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னவர் அவர் மனைவி. அவரும் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் ஜாடியை வரைந்து, அளவுகளைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார். அதற்குப் பின் பல தலைமுறை மாணவர்கள் அந்த ஜாடியை வைத்துத்தான் வெளிச்சம், நிழல், பளபளப்பு எல்லாம் போடப் பழகினார்கள்.

நம் வீட்டில் ஒரு பெண்ணோ பிள்ளையோ அனிமேஷன் படிப்பில் சேர்ந்துவிட்டால், இது நமக்குப் புரியாத சமாசாரம் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஒதுங்கவே வேண்டியதில்லை. என் மகள் கடைசி வருஷத்தில் எழுபது விநாடிப் படம் ஒன்று எடுத்தாள். ஆறு மாதம் கூட இருந்து பார்த்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் வந்தது ஒரு கை

இந்தக் கலைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் மாணவர்களும் உண்டு. 1972-ல் அதே யூட்டா பல்கலைக்கழகத்தில் எட் கேட்மல் என்ற மாணவர் தன் இடது கையைச் சாந்து பூசி அச்செடுத்தார். அந்த மாதிரிக் கையின் மேல் மையால் சுமார் 350 முக்கோணங்களும் பலகோணங்களும் வரைந்து, அவற்றின் மூலைகளை அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றினார். திரையில் அந்தக் கை விரல்களை மடக்கியது, நீட்டியது. அவ்வளவுதான் படம். ஃப்ரெட் பார்க் என்ற சக மாணவர் இதே போல ஒரு முகத்தை அசைத்துக் காட்டினார்.

அதே வருஷம் அங்கே இவான் சதர்லாண்ட் என்ற பேராசிரியரின் மாணவர்கள் ஒரு வோக்ஸ்வாகன் கார் மேல் கோடு கோடாகப் போட்டு, அளவுகோலால் அளந்து அதைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தார்கள். அந்தக் கார் யாருடையது தெரியுமா? பேராசிரியரின் மனைவியுடையது!

கேட்மல் பிற்பாடு பிக்ஸார் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரானார். முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரில் உருவான முதல் முழுநீளப் படமான 'டாய் ஸ்டோரி' 1995-ல் அங்கிருந்துதான் வந்தது. கை அசையும் அந்த மாணவப் படத்தை 2011-ல் அமெரிக்க அரசு பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் சேர்த்தது.

கதையைக் குறைத்த கதை

என் மகள் முதலில் எழுதிய கதையில் ஒரு ராஜா, கடலில் புயல், கொள்ளைக்காரர்கள், பன்னிரண்டு பாத்திரங்கள் எல்லாம் உண்டு. பத்து நிமிஷப் படம். அவளுடைய ஆசிரியை படித்துவிட்டு, "கதை பிரமாதம். முடிக்க ஆறு வருஷம் ஆகும், பரவாயில்லையா?" என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து ஒரே அழுகை.

ஆசிரியை சொன்னதில் நியாயம் இருக்கிறது. கம்ப்யூட்டர் படத்தில் தலைமுடி, துணி, தண்ணீர் மூன்றும் லேசில் வசப்படாதவை. ராஜாவுக்கு முடியும் உண்டு, பட்டாடையும் உண்டு. கடலோ முழுக்கத் தண்ணீர். பெரிய நிறுவனங்களே ஆரம்பத்தில் இவற்றைத் தவிர்த்தன. 1986-ல் பிக்ஸார் வெளியிட்ட 'லக்சோ ஜூனியர்' என்ற குறும்படத்தில் நடித்தது இரண்டு மேஜை விளக்குகள்!

ஷேன் ஏக்கர் என்பவர் கலிபோர்னியாவில் மாணவராக இருந்தபோது '9' என்ற படத்தை எடுத்தார். சாக்குத் துணி பொம்மை ஒன்றின் கதை. பத்து நிமிஷம் சொச்சம் ஓடும் அந்தப் படத்துக்கு அவருக்கு நாலரை வருஷம் பிடித்தது. 2005-ல் வெளிவந்து, ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரையாகி, 2009-ல் முழுநீளப் படமாகவும் ஆனது. ஆனால் நாலரை வருஷம் எல்லாருக்கும் கிடைக்குமா?

பாரிஸில் கோபிலான் என்ற கல்லூரியின் மாணவர்கள் 2007-ல் 'ஆக்டபோடி' என்று ஒரு படம் எடுத்தார்கள். சமையல்காரர் தூக்கிக்கொண்டு போகும் தன் ஜோடியை ஒரு ஆக்டோபஸ் துரத்திக்கொண்டு போகிறது. இரண்டரை நிமிஷப் படத்துக்கு ஆறு பேர் உழைத்தார்கள். அதுவும் ஆஸ்கார் பரிந்துரை வரை போனது.

என் மகள் தனி ஆள். கையில் இருந்தது ஆறு மாதம். மொட்டைமாடியில் நான் வடாம் காயவைத்த அன்று அவளுக்கு விடை கிடைத்தது. "நடிகர் ஒருத்தர்தாம்மா. காக்கா. ஒரு தட்டு வடாம். வேறே யாரும் வேண்டாம்," என்றாள். காக்கை வடாமைப் பார்க்கிறது, தயங்குகிறது, திருடுகிறது. எழுபது விநாடி!

காக்கை பிறந்த விதம்

முதலில் காட்சிகளைக் கட்டம் கட்டமாகத் தாளில் வரைந்தாள். சித்திரக்கதைப் புத்தகம் மாதிரி இருக்கும், ஸ்டோரிபோர்டு என்கிறார்கள். அந்தப் படங்களை வரிசையாக ஓடவிட்டு, எந்தக் காட்சி எத்தனை விநாடி என்று பார்த்தாள். தேவையில்லாததை இந்தக் கட்டத்திலேயே வெட்டிவிட வேண்டும். துணியை அளந்து வெட்டுவதற்கு முன்னால் காகிதத்தில் வெட்டிப் பார்ப்போமே, அது போலத்தான்.

அடுத்தது மாடலிங். களிமண்ணில் பொம்மை பிடிப்பதைக் கம்ப்யூட்டருக்குள் செய்வது. பிறகு அந்தப் பொம்மைக்குள் எலும்புக்கூடு வைக்க வேண்டும். இதற்கு ரிக்கிங் என்று பெயர். இறக்கையை மடக்கினால் எந்த இடத்தில் மடங்க வேண்டும் என்பதை இந்த எலும்புதான் தீர்மானிக்கிறது. அதற்கே மூன்று வாரம் ஆயிற்று. ஒரு நாள் தலையைத் திருப்பினால் அலகு பின்பக்கம் போய் நின்றது. என் மாமியார் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

பிறகு நிறம், வெளிச்சம், நடிப்பு. நடிப்புக்காக அவள் நாள் கணக்கில் மொட்டைமாடியில் உட்கார்ந்து நிஜக் காக்கைகளை செல்போனில் படம் பிடித்தாள். பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு நாள், "இப்பதான் ஏ.ஐ. வந்து எல்லாத்தையும் பண்ணிடுதே, நீ ஏன் இப்படிக் கஷ்டப்படறே?" என்று கேட்டார். "அது காக்கா படம் கொடுக்கும் அத்தை. என் காக்கா எந்த இடத்தில் தயங்கணும்னு நான்தானே சொல்லணும்," என்றாள்.

ஒலியில் எனக்கும் பங்கு உண்டு. வடாம் நொறுங்கும் சத்தத்துக்கு நான் பொரித்துக் கொடுத்தேன். "சூ... போ!" என்ற குரல் மாமியாருடையது. வெளியார் பாட்டைப் போட்டால் அனுமதி வாங்க வேண்டும். வீட்டுச் சத்தத்துக்கு யாரைக் கேட்க வேண்டும்?

கரண்ட் போன ராத்திரி

சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. எழுபது விநாடிக்கு 1,680 படங்கள். எல்லா வேலையும் முடிந்தபின், நிழலையும் வெளிச்சத்தையும் கணக்குப் போட்டு ஒவ்வொரு படத்தையும் கம்ப்யூட்டர் முழுமையாக்கித் தர வேண்டும். இதுதான் ரெண்டரிங். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் படம் ஒன்றுக்கு ஆறு நிமிஷம் ஆயிற்று. பெருக்கிப் பாருங்கள்: 10,080 நிமிஷம். அதாவது 168 மணி. ஏழு பகல், ஏழு இரவு!

மூன்றாம் நாள் ராத்திரி கரண்ட் போயிற்று. கல்லூரியில் கொடுக்க இன்னும் பத்தே நாள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அவள் நிதானமாக, "ஒண்ணும் ஆகலைம்மா. ஒரே வீடியோவா எடுத்திருந்தா எல்லாம் போயிருக்கும். தனித்தனிப் படமாத்தான் சேமிக்கிறேன். 612 வரைக்கும் இருக்கு, 613-லேர்ந்து ஓடவிட்டாப் போதும்," என்றாள். இந்தச் சின்ன விஷயத்தைப் படம் எடுக்கும் பிள்ளைகள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். செய்த வேலையைத் தினமும் இன்னோர் இடத்தில் நகல் எடுத்து வைப்பதும் அவசியம்.

செலவு பயமுறுத்துகிறதா?

பிளெண்டர் என்ற மென்பொருளை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2002 முதல் அது எல்லாருக்கும் பொதுச்சொத்து மாதிரி. இலவசம் என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் வாங்கிய லாட்வியா நாட்டுப் படம் 'ஃப்ளோ' பிளெண்டரில் எடுத்ததுதான். விலை உயர்ந்த கம்ப்யூட்டரை எடுத்த எடுப்பில் வாங்க வேண்டாம். கல்லூரிக் கூடத்தில் உள்ளதைப் பயன்படுத்திப் பார்த்து, தேவை தெரிந்தபின் வாங்கலாம்.

உடம்பு முக்கியம்

திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் சிமிட்டுவது குறைந்து, கண் உலர்ந்து எரியும். 20 நிமிஷத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். நாற்காலியின் உயரம், முழங்கை மேஜை மட்டத்துக்கு வருகிற மாதிரி இருக்கட்டும். இல்லாவிட்டால் மணிக்கட்டு வலிக்கும். மணிக்கு ஒரு தடவையாவது எழுந்து நடக்க வேண்டும். சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். கூப்பிட்டு உட்காரவைத்துப் போடுங்கள்.

தூக்கத்தைப் பற்றி எங்கள் வீட்டில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. ரெண்டரிங் ராத்திரி நடக்கலாம். அது கம்ப்யூட்டரின் வேலை. மனுஷி பதினோரு மணிக்குப் படுத்துவிட வேண்டும். தூங்கி எழுந்து காலையில் ஒரு மணி நேரத்தில் செய்ததை, ராத்திரி மூன்று மணி நேரம் போராடியும் செய்ய முடியவில்லை என்று அவளே சொன்னாள்.

அம்மாக்கள் செய்யக்கூடியது

"என்ன படம் எடுக்கிறே?" என்று கேட்பதோடு, "எத்தனை விநாடி? எத்தனை பாத்திரம்?" என்றும் கேளுங்கள். பதில் பெரிதாக இருந்தால், குறைக்கச் சொல்லிப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். பாதியில் நின்ற பத்து நிமிஷப் படத்தை யாருக்கும் போட்டுக் காட்ட முடியாது. முடித்த ஒரு நிமிஷப் படத்தை எங்கேயும் கொண்டுபோய்க் காட்டலாம். இந்தத் துறையில் வேலை கேட்டுப் போனால் மார்க்கைவிட, செய்த வேலையைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

வாரத்துக்கு ஒரு தடவை, முடிந்தவரை போட்டுக் காட்டச் சொல்லிப் பாருங்கள். நமக்குத் தொழில் தெரியாவிட்டாலும், புரிந்ததா இல்லையா என்று சொல்லத் தெரியும். "காக்கா ஏன் திரும்பிப் பார்க்குது?" என்று என் மாமியார் கேட்ட ஒரு கேள்வியால் ஒரு காட்சியே திருந்தியது.

என் கணவருக்கு இவள் வங்கிப் பரீட்சை எழுத வேண்டும் என்று ஆசை. கல்லூரியில் படத்தைத் திரையிட்ட அன்று கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். காக்கை தட்டை எட்டிப் பார்த்துத் தயங்கியதும் கூடமே சிரித்தது. வீடு திரும்பும்போது, "பரீட்சை அடுத்த வருஷமும் வரும்," என்று மட்டும் சொன்னார். மகள் இப்போது ஒரு ஸ்டுடியோவில் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். சம்பளம் கொஞ்சம்தான். வேலை அவளுக்குப் பிடித்த வேலை.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். எத்தனையாவது படம் ஓடுகிறது என்று கேளுங்கள். அதற்குப் பின் அவர்களே எல்லாம் சொல்வார்கள்.