உங்களுக்குத் தெரியுமா? மருந்து என்று பெயர் வாங்கிய நஞ்சு

ராசிபுரம், ஆத்தூர், சங்ககிரிப் பக்கம் யாரும் "நஞ்சு தெளிக்கப் போகிறேன்" என்று சொல்வதில்லை. "காட்டுக்கு மருந்தடிக்கணும்" என்றுதான் பேச்சு. அதை விற்பது மருந்துக்கடை. பிள்ளையின் காய்ச்சலுக்கு மாத்திரை விற்பதும் மருந்துக்கடை. ஆனால் மிகக் கொடிய வகை என்றால் டப்பாவில் சிவப்பு முக்கோணமும், மண்டையோடும் எலும்பும், நஞ்சு என்ற எச்சரிக்கையும் இருந்தாக வேண்டும் என்கிறது சட்டம். இந்த வாரத் துணுக்குகள் அந்த டப்பாவைப் பற்றியவை.

●

"பாலிடாலைக் குடிச்சுட்டான்" என்று ஊரில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாலிடால் என்பது தமிழில் நஞ்சுக்கே இன்னொரு பெயராகிவிட்டது. உண்மையில் அது ஒரு விற்பனைப் பெயர். உள்ளே இருந்தது பாரத்தியான். அதைக் கண்டுபிடித்த ஜெர்மன் வேதியியலாளர் கெர்ஹார்ட் ஷ்ராடர், பூச்சிக்கொல்லி தேடிய அதே ஆய்வில் 1936-ல் டாபூனையும் 1938-ல் சாரினையும் கண்டறிந்தார். அவை இரண்டும் போர்க்களத்துக்கான நரம்பு நச்சு வாயுக்கள். பருத்திக்காட்டில் அடித்ததும் போருக்கென்று சேமித்து வைத்ததும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

●

1958-ல் கேரளத்தில் பாரத்தியான் கலந்த உணவைச் சாப்பிட்டு 100-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். சரக்கோடு சரக்காகக் கப்பலில் ஏற்றி வந்தபோது கசிந்த நஞ்சு மாவில் இறங்கியிருந்தது. விசாரணைக் குழு அமைந்தது, பரிந்துரைகள் வந்தன. பூச்சிக்கொல்லிச் சட்டம் நிறைவேறியது 1968-ல். நடுவில் பத்து ஆண்டுகள்.

●

பாரத்தியான், மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் எல்லாம் கரிம பாஸ்பேட் வகை. நரம்பிலிருந்து நரம்புக்குச் செய்தி போனபின் அதைத் துடைத்து வைக்கும் நொதி ஒன்று உடலில் உண்டு. இந்த நஞ்சு அந்த நொதியைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். பூச்சி துடித்துச் சாகும். சிக்கல் என்னவென்றால், காய்ப்புழுவுக்கும் அதைக் கொல்ல வந்தவருக்கும் இருப்பது ஒரே வேலை செய்யும் நொதிதான். கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்குவது, எச்சில் ஒழுகுவது, குளித்தாற்போல் வியர்ப்பது, தசை துள்ளுவது, மூச்சு முட்டுவது இதன் அறிகுறிகள். "வெயில்ல நின்னதால தலை சுத்துது" என்று நிழலில் படுக்கவைத்து மோர் கொடுப்பதில் போகும் அரைமணி நேரம் உயிரை வாங்கிவிடும். 108-ஐ அழைத்துவிட்டு, நஞ்சு பட்ட உடையைக் கழற்றி, உடலைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மருத்துவமனைக்குப் போகும்போது டப்பாவையும் கையோடு கொண்டுபோக வேண்டும். எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் எந்த முறிமருந்து என்று மருத்துவர் முடிவு செய்ய முடியும்.

●

கரிம பாஸ்பேட் நஞ்சுக்கான முறிமருந்தின் பெயர் அட்ரோபின். நம் ஊர்ப் புறம்போக்கில் வெள்ளையாகப் பூத்து நிற்கும் ஊமத்தையிலும் இருக்கும் பொருள் அது. ஊசியில் அளந்து போடுவதால்தான் அது உயிர் காக்கிறது. ஊமத்தையை வீட்டில் அரைத்துக் கொடுத்தால் அதுவே இரண்டாவது நஞ்சாகிவிடும்.

●

மருந்தடிக்கிறவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்கிறார். நல்லதுதான். ஆனால் வயலில் நஞ்சு உடலுக்குள் போகும் பெரிய வாசல் மூக்கல்ல, தோல். இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1971-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் மனிதத் தோலின் வெவ்வேறு இடங்களில் பாரத்தியானைச் சிறிதளவு தடவி, எவ்வளவு உள்ளே போகிறது என்று கணக்கிட்டார்கள். முன்கையில் உறிஞ்சப்படுவதை ஒரு பங்கு என்று வைத்தால், உள்ளங்கையில் ஒன்றேகால் பங்குக்குச் சற்றே கூட. நெற்றியிலும் உச்சந்தலையிலும் நான்கு பங்கு அளவில். விரைப்பையில் ஏறக்குறைய பன்னிரண்டு பங்கு.

இந்தக் கணக்கோடு நம் காட்டில் நடப்பதைப் பொருத்திப் பாருங்கள். 16 லிட்டர் டேங்க் முதுகில். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்து போயிருக்கும். நடக்க நடக்கத் தளும்பும். கசிவு முதுகில் வழிந்து, இடுப்பில் இறங்கி, மடித்துக் கட்டிய லுங்கியை நனைக்கும். நனைந்த லுங்கியோடு மத்தியானம் வரை வேலை. எந்த இடம் பன்னிரண்டு பங்கு உறிஞ்சுமோ அந்த இடத்தில்தான் ஈரத்துணி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூக்கில் மட்டும் துண்டு. ஒரு ரப்பர் வளையத்தின் விலை எத்தனை ரூபாய்? அதை மாற்றாமல் விட்ட டேங்க்கைக் கூலிக்கு வந்தவரின் தோளில் ஏற்றுவதை நான் அலட்சியம் என்று சொல்ல மாட்டேன். அதைவிடக் கடுமையான சொல் வேண்டும்.

அந்த லுங்கியை மாலையில் வெறுங்கையால் துவைக்கும் மனைவி எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

●

பரமத்திவேலூர்ப் பக்கத்து வெற்றிலைக்குத் தனிப் பெயர் உண்டு. கத்தரிக்காயையாவது கழுவி வேகவைக்கிறோம். வெற்றிலையை வேட்டியில் ஒரு துடை துடைத்துவிட்டு அப்படியே மெல்கிறோம். தோல் உரிக்க வழியில்லை, அடுப்பில் ஏற்றும் பழக்கமில்லை. வெற்றிலைக் கொடிக்காலில் எதை அடிப்பது, அடித்து எத்தனை நாள் கழித்துக் கிள்ளுவது என்ற கேள்வி, வேறெந்தக் காய்க்கும் முன்னால் கேட்கப்பட வேண்டியது.

●

கழுவினால் போய்விடுமா? மேலே படிந்தது ஓரளவு போகும், ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் இன்னும் கொஞ்சம். செடிக்குள் ஊடுருவிச் சாற்றோடு ஓடும் வகை போகாது. அது காயின் சதைக்குள் இருக்கிறது. அதற்கு ஒரே வழி, கடைசியாக அடித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் நடுவே டப்பாவில் சொன்ன இடைவெளியை விடுவது. அந்த இடைவெளி விடப்பட்டதா என்று உழவர் சந்தையில் கத்தரிக்காய் விற்கும் அம்மாவிடம் கேளுங்கள். கேட்கும் வாடிக்கையாளர்கள் கூடினால் இடைவெளியும் கூடும்.

●

2013 ஜூலை 16. பீகாரின் சப்ரா அருகே கண்டாமன் கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்தது தடயவியல் சோதனையில் தெரிந்தது. காய்கறிகளுக்கு அதைப் பயன்படுத்த இந்தியாவில் 2005-லேயே தடை வந்துவிட்டது. மற்றப் பயிர்களுக்கு விற்பனை தொடர்ந்தது. கடையில் வாங்கி வீட்டுக்கு வந்த புட்டிக்கு அது எந்தப் பயிருக்கானது என்று தெரியாது.

காலி டப்பாவை அலசி மண்ணெண்ணெய்க்கும் விதைக்கும் தண்ணீருக்கும் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் முழுதாகப் போகவில்லை. மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரையும் டேங்க்கிலேயே ஊற்றிவிட்டு, இனி யாருக்கும் உதவாதபடி டப்பாவில் ஓட்டை போட்டுவிட வேண்டும்.

●

ஒரு பூச்சிக்கொல்லி ஆளைக் கொல்கிறது என்று தெரிந்தாலும், 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநில அரசால் அதை நிரந்தரமாகத் தடை செய்ய முடியாது. தற்காலிகத் தடைதான், 60 நாள். தற்கொலைகளைக் குறைக்க மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட ஆறு பூச்சிக்கொல்லிகளுக்குத் தமிழ்நாடு அரசு விதித்ததும் அந்த 60 நாள் தடைதான். முழுத் தடை தில்லியின் கையில்.

இலங்கை வேறு வழியில் போனது. 1995-லிருந்து மிகக் கொடிய வகைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிரந்தரமாகத் தடுத்தது. அங்கே தற்கொலை விகிதம் அதன்பின் 70 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. மனம் உடையும் நேரம் பெரும்பாலும் சிறியது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. டப்பாவை வீட்டுக்குள் வைக்காமல், தோட்டத்தில் பூட்டிய பெட்டியில் வையுங்கள். மனம் சோர்ந்தவர்கள் பேச 104 என்ற எண் இருக்கிறது.

●

2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த 20-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அந்த ஆண்டு செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தன. நுனியை நோக்கி மேலே பீய்ச்சியது திரும்ப முகத்திலேயே இறங்கியது. இரண்டு மூன்று வகைகளைக் கலந்து அடித்ததும் சேர்ந்துகொண்டது. கொங்கணாபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் ஏலத்துக்குப் பருத்தி கொண்டுவரும் நம் விவசாயிகளும் "ரெண்டையும் ஒரே டேங்க்ல போட்டா வேலை மிச்சம்" என்று சொல்வது காதில் விழாததல்ல.

●

அதே 2017-ல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கோடிக்கணக்கான முட்டைகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். கோழிப்பண்ணையில் செம்பேனை ஒழிக்க விதிகளை மீறி ஃபிப்ரோனில் தெளித்திருந்தார்கள். அது கொழுப்பில் கரையும். அதனால் மஞ்சள் கருவில் போய்ச் சேரும். இந்தியாவிலும் பயிருக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லிதான் அது. முட்டையால் வாழும் நாமக்கல்லுக்கு அந்தச் செய்தி தூரத்துச் செய்தியல்ல.

●

சைபர்மெத்ரின் போன்ற வகைகள் மனிதருக்குக் கொஞ்சம் சாது என்று பெயர் வாங்கியவை. மீனுக்கு அப்படியில்லை. டேங்க்கைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ அலசினால், அந்தச் சிறு அளவே மீன்களை மிதக்கவிடும். தேனீக்கும் அப்படித்தான். பூத்த செடியில் காலை வெயிலில் அடித்தால், காய் பிடிக்க வைக்க வந்த தேனீதான் முதலில் விழும்.

●

மரவள்ளியில் இலை மஞ்சள் திட்டாகச் சுருங்கும் தேமல் நோய்க்கு மருந்தே கிடையாது. அது வைரஸ். வந்த செடியைக் குணமாக்க எதை அடித்தாலும் பணம்தான் கரையும். நோயில்லாத செடியிலிருந்து குச்சி எடுத்து நடுவதே முதல் காப்பு.

●

கடைசியாக, நம் மண்ணில் நடந்த ஒன்று. எனக்கு மிகவும் பிடித்த செய்தியும் இதுதான்.

2020-ல் கேரளத்துத் திருச்சூரில் மரவள்ளியில் ஒரு புதிய மாவுப்பூச்சி தென்பட்டது. சீக்கிரமே சேலம், நாமக்கல் குச்சிக்கிழங்குக் காடுகளுக்கும் வந்துவிட்டது. கொழுந்து சுருண்டு முட்டைக்கோசு போலக் கூம்பிக்கொள்ளும். செடி குட்டையாக நின்றுவிடும். ஜவ்வரிசி ஆலைகளை நம்பிக் கிழங்கு போட்டவர்கள் டேங்க் டேங்க்காக அடித்தார்கள். ஆனால் மாவுப்பூச்சியின் உடலில் மெழுகுப் பூச்சு இருக்கிறது. அது கூம்பிய கொழுந்துக்குள் ஒளிந்தும் கொள்கிறது. தெளித்த தண்ணீர் வழிந்து போயிற்று. அதைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான் செத்தன.

இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவில் புகுந்து மரவள்ளியை அழித்தது. அதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. சொந்த ஊரில் அது ஏன் கட்டுக்குள் இருக்கிறது என்று தேடிப் போனவர்கள், 1981-ல் பராகுவேயில் ஒரு குளவியைக் கண்டார்கள். ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். பெயர் அனாகைரஸ் லோபேசி. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டை வைக்கும். உள்ளே பொரிந்த புழு அதைத் தின்று வளரும். ஆப்பிரிக்காவில் இந்தப் பணியை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

அந்தக் குளவியைப் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனத்தில் தனிமைப்படுத்தி வளர்த்து, நம் பயிருக்கும் தேனீக்கும் தீங்கில்லை என்று உறுதி செய்தபின், 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாக வெளியே விட்டார்கள். பப்பாளி மாவுப்பூச்சிக்கும் இதேபோல் 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குளவி வந்தது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி மூன்றையும் பாழாக்கிய பூச்சியை அது அடக்கிக் காட்டியிருந்தது.

●

குளவி உங்கள் காட்டுக்கு வந்துவிட்டதா என்று பார்க்கப் பூதக்கண்ணாடி வேண்டாம். சுருண்ட கொழுந்தை மெல்லப் பிரியுங்கள். வெள்ளை மாவு உதிர்ந்து, பழுப்பாக உப்பி, ஓடு போல இறுகிக் கிடக்கும் மாவுப்பூச்சிகள் தெரிந்தால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குளவி வளர்கிறது. ஓட்டில் வட்டமாக ஓர் ஓட்டை இருந்தால் அது வெளியேறி அடுத்த செடிக்குப் போய்விட்டது. அந்தக் காட்டில் டேங்க்கை இறக்கி வைத்துவிடலாம்.