ஒரு முழ எலி!

பூக்காரம்மாவிடம் ஒரு முழம் மல்லிகை வாங்கியிருப்பீர்கள். (கல்யாணமாகாதவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.) அந்தம்மா கை முழம் இல்லை, நியாயமான முழம்... ஒன்றரை அடி. மூக்கிலிருந்து வால் நுனி வரை அந்த நீளத்துக்கு ஒரு எலி! எடை அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை. கப்பலேறி உலகமெல்லாம் பரவிய சாதாரணக் கறுப்பெலியைப் போல நாலு மடங்குக்கு மேல்.

"போய்யா, எங்க தெரு சாக்கடையில ஒரு பெருச்சாளி இருக்கு..." என்று ஆரம்பிக்காதீர்கள். எடையில் உங்கள் பெருச்சாளி போட்டிக்கு வரலாம். ஆனால் அது மண்ணைத் தோண்டுகிற ஜாதி. இது இருப்பது மரத்து உச்சியில்!

ஊர், பசிபிக் கடலில் சாலமன் தீவுகள். அதில் ஒரு தீவின் பெயர் வாங்குனு. பெயரைக் கேட்டாலே பர்ஸைத் தொடத் தோன்றுகிறதா? அங்கே உண்மையிலேயே வாங்கத்தான் ஆள் வருகிறார்கள். எலியை அல்ல, மரத்தை. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

எலிக்கு உள்ளூர்ப் பெயர் 'வீகா'. தேங்காயையே கடித்து ஓட்டை போட்டுவிடும் என்று ஊர்க்காரர்கள் காலங்காலமாகச் சொல்லி வந்தார்கள். டைரோன் லேவரி என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி 2010-ல் இதைக் கேள்விப்பட்டுத் தேட ஆரம்பித்தார். காமிரா கட்டினார், பொறி வைத்தார். வருஷங்கள்தான் போயின. வீகாவைக் காணோம். ஊரார் சாதாரண எலியைத்தான் ஊதிப் பெரிசாக்கிச் சொல்கிறார்களோ என்றுகூட மனுஷனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

2015-ல், மரம் வெட்டும் கம்பெனிக்காரர்கள் சாய்த்த ஒரு மரத்திலிருந்து விழுந்தது வீகா. அடிபட்டுச் செத்தும் போனது. அந்தத் தீவின் வனக்காவலர் ஹிக்குனா ஜட்ஜ் அதைப் பத்திரப்படுத்தி ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மியூசியத்துக்கு அனுப்ப, மண்டை ஓடு, மரபணு எல்லாம் பார்த்து, 'இது இதுவரை யாரும் பதிவு செய்யாத இனம்' என்று 2017-ல் அறிவித்தார்கள். கட்டுரையில் லேவரியோடு ஜட்ஜும் ஆசிரியர். விஞ்ஞானப் பெயரிலும் ஊர்க்காரர்கள் வைத்த 'வீகா' அப்படியே நிலைத்தது. சாலமன் தீவுகளில் புது எலி இனம் ஒன்று கிடைத்து அப்போது சுமார் 80 வருஷம் ஆகியிருந்தது.

கவனித்தீர்களா? இந்த எலியின் நீளமும் எடையும் நமக்குத் தெரிய வந்ததே, அது குடியிருந்த மரத்தை வெட்டியதால்தான். பி.காம். படித்த புத்தி, உடனே கணக்குப் போடுகிறது. வெட்டிய மரம் வரவில் ஏறும். கப்பலேறி வெளிநாடு போகும். எலி எந்தப் பத்தியில் வரும்? எதிலும் வராது.

அடுத்த காட்சி உயிரோடு. வாங்குனுவின் ஜைரா கிராமத்துக்காரர்கள் தங்கள் காட்டை மரக் கம்பெனிகளுக்கு விடாமல் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அந்தக் காட்டில் தானியங்கிக் காமிரா கட்டி, வீகாவை இழுக்க என்ன வைத்தார்கள் தெரியுமோ? நல்லெண்ணெய்! நம் ஊரில் சனிக்கிழமை தலையில் தேய்க்கிறோமே, சாட்சாத் அதே எள்ளெண்ணெய். எலிக்கு மசால்வடைதான் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம் நாம்.

வாசனைக்கு வந்தது வீகா. 95 படங்கள். புரட்டிப் புரட்டி அடையாளம் பார்த்ததில், படத்தில் இருப்பவை மொத்தம் நாலே எலிகள். 2023-ல் படங்கள் வெளியானபோது உலகமெல்லாம் 'ராட்சச எலி' என்று செய்தி போட்டார்கள்.

அதே ஆய்வாளர்கள் சொன்ன இன்னொரு விஷயம் அவ்வளவாக எடுபடவில்லை. ஜைரா காட்டிலும் மரம் வெட்ட 2022-ல் அனுமதி கொடுத்தாகிவிட்டது. வெட்டினால் வீகா இனம் அழிந்துவிடும் என்கிறார்கள். அது வாழத்தக்க வேறு காடு வாங்குனுவில் ஏறக்குறைய மிச்சமில்லை. வாங்குனு தவிர வேறெங்கும் வீகாவைக் கண்டதாகப் பதிவும் இல்லை.