உள்வீட்டுக்குத் தீந்தை பூச எவ்வளவு முடியும்?

மகளின் கலியாணம் வைகாசியில் என்று நாள் வைத்தபின்தான் பலருக்குச் சுவர் கண்ணில் படுகிறது. "சுவாமி, உள்வீட்டுக்கு மட்டும் பெயின்ற் அடிக்க எவ்வளவு முடியும்?" என்று எம்மிடம் கேட்பவர்களுக்கு நாம் உடனே ஒரு தொகை சொல்வதில்லை. சொல்லவும் முடியாது. ஆனால் அந்தத் தொகை எப்படி உருவாகிறது என்பதை எவரும் தம் வீட்டு முற்றத்தில் இருந்தே கணக்குப் பார்க்கலாம். பாராமல் கடன் எடுப்பவர்களைக் கண்டு மனம் நொந்ததாலேயே இதை எழுதுகிறோம்.

வடக்கு கிழக்கில் 2012 ஒக்ரோபரில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா கிடைத்தது. வீட்டுக்காரரே பொறுப்பாக நின்று கட்டும் முறை அது. அத்திவாரம், சுவர், கூரை என்று போன பின் மிஞ்சியது சொற்பம். ஆகவே உட்பூச்சும் தீந்தையும் "பிறகு பார்ப்போம்" என்று பின்தள்ளப்பட்டன. அந்தப் "பிறகு" வரும்போது கையில் காசு இல்லை. நுண்கடன் கொடுப்பவர் வாசலில் நிற்கிறார்.

முதலில் சுவரை அளப்போம். நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரம் 10 அடி உள்ள ஓர் அறையை எடுங்கள். நான்கு சுவரின் சுற்றளவு 44 அடி. உயரத்தால் பெருக்கினால் 440 சதுர அடி. 7 அடிக்கு 3 அடிக் கதவு ஒன்றும், 4 அடிக்கு 4 அடி யன்னல் இரண்டும் கழித்தால் 387 மிஞ்சும். இரண்டு கை பூச வேண்டுமாதலால் 774 சதுர அடி. ஒரு லீற்றர் நீர்த்தீந்தை நல்ல மட்டமான சுவரில் ஒரு கைக்கு ஏறக்குறைய 100 சதுர அடி பிடிக்கும். ஆகவே 4 லீற்றர் வாளி இரண்டு தேவை. சொரசொரப்பான சுவர் இதைவிடக் கூடவே குடிக்கும். கடையில் ஒரு வாளியின் விலையைக் கேட்டால் தீந்தையின் செலவு தெரிந்துவிடும்.

ஆனால் ஆள் பிடிக்கும்போது தீந்தையைவிடப் பெரிய பங்கு சுவரைத் தயாராக்கும் வேலைக்கே போகக்கூடும். வீட்டுக்காரர் இதைத்தான் காண்பதில்லை. பழைய சுண்ணாம்பின் மேல் நேரே நீர்த்தீந்தை பூசினால் இரண்டு மாரி தாங்காது, தோல் போல உரியும். முழுவதையும் சுரண்டி, வெடிப்புகளை அடைத்து, உரஞ்சி, அடிப்பூச்சு ஒரு கை கொடுத்த பின்தான் மேற்பூச்சு. நல்ல வேலையாள் தூரிகையைத் தொடுமுன் ஒன்றிரண்டு நாள் சுரண்டிக்கொண்டே இருப்பார். "சும்மா சம்பளம் எடுக்கிறான்" என்று முணுமுணுப்பது அநியாயம்.

எமது நிலையத்தின் இரண்டு அறைகளுக்கு ஒருமுறை மிகக் குறைந்த தொகை சொன்னவரிடம் வேலையைக் கொடுத்தோம். சுரண்டுவது அதில் அடங்குமா என்று கேட்கவில்லை. அடங்கவில்லை. அடுத்த வருடம் இரட்டிப்புச் செலவு. தவறு பாதி எம்முடையதே.

பேச்சு மூன்று விதமாக அமையும். நாட்கூலி என்றால் வேலை இழுபடலாம், ஆனால் அவசரப்பட்டு மெழுகமாட்டார்கள். சதுர அடிக் கணக்கு என்றால் கதவு யன்னல் கழிக்கப்படுமா, அந்த விலை எத்தனை கைக்கு என்று முன்பே கேட்க வேண்டும். சாமானோடு கொந்தராத்து என்றால் தலையிடி குறைவு. ஆனால் வாளியில் தண்ணீர் கூடிப்போனாலும் உங்களுக்குத் தெரியாது. எமது எண்ணத்தில் கிராமத்து வீட்டுக்கு உகந்தது, சாமானை நீங்கள் வாங்கிக் கொடுத்து, கூலியை மட்டும் கொந்தராத்தாகப் பேசுவது. பேசியதை ஒரு கொப்பித்தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். காசை மூன்று பங்காக்கி, கடைசிப் பங்கை வேலை முடிந்து பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகு கொடுங்கள். பார்த்து ஏற்ற அன்றே கொடுங்கள்; அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.

2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் நின்றது. மே மாதத்தில் 360 ஆயிற்று. தீந்தைக்கு வெண்மை தரும் ரைற்றேனியம் தூள் இறக்குமதிப் பொருள். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரியும் 18 வீதமாயிற்று. ஆகவே 2021இல் அயலவர் கொடுத்த தொகையைச் சொல்லி வேலையாளோடு பேரம் பேசுவதில் பொருளில்லை.

செலவைக் குறைக்க வழி உண்டா? உண்டு. சுரண்டும் வேலையை வீட்டார் செய்யலாம். ஆனால் கதவு யன்னலில் பழைய எண்ணெய்த் தீந்தை இருந்தால் உலர்வாக உரஞ்ச வேண்டாம். இலங்கையில் தீந்தையிலுள்ள ஈயத்துக்குச் சட்ட எல்லை வந்தது 2013இல்தான்; அதற்கு முந்திய தீந்தையின் தூள் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கக்கூடும். நனைத்து உரஞ்சி, பிள்ளைகளை அயல்வீட்டில் விட்டு, தூளைத் துடைத்து எடுங்கள். அறை அறையாக வருடக் கணக்கில் செய்வதைவிட முழு வீட்டையும் ஒன்றாகச் செய்வது மலிவு. ஓர் அறை காயும்போது ஆள் அடுத்த அறைக்குப் போவார், கூலி வீணாகாது. ஐப்பசி முதல் மார்கழி வரை மாரியில் தொடங்க வேண்டாம். புதிதாகப் பூசிய சுவரானால் நான்கு கிழமையாவது காயவிடுங்கள். சுவரின் அடியில் ஈரம் ஏறினால் முதலில் மேசனைக் கூப்பிடுங்கள், தீந்தைக்காரரை அல்ல.

கையில் காசு இல்லையென்றால் சுண்ணாம்பு இருக்கிறது. நீற்றி, வடித்து, சிறிது நீலம் கலந்து இரண்டு கை அடித்தால் அறை வெளிச்சமாகும், சுவரும் மூச்சுவிடும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே குறிப்பிட்ட கலியாண வீட்டார் இறுதியில் விறாந்தைக்கும் நடு அறைக்கும் மட்டும் தீந்தை பூசி, மற்ற அறைகளுக்குத் தாங்களே சுண்ணாம்பு அடித்தார்கள். கடன் எடுக்கவில்லை.