வெண்மைக்குக் கொடுக்கும் விலை

கோடைக்காலத்தில் உதகமண்டலத்துக்குச் செல்வோர் மலர்க் கண்காட்சியோடு நாய்கள் கண்காட்சியையும் கண்டு திரும்புவது வழக்கம். சீவி முடிக்கப்பட்ட உரோமம், உயர்த்திய தலை, உரிமையாளரின் கையசைவுக்கேற்ற நடை என்று வரிசையில் நிற்கும் நாய்களைப் பார்த்துக் குழந்தைகள் கைதட்டுகின்றனர். நடுவர் ஒவ்வொரு நாயின் பல்வரிசையையும் தொட்டுப் பார்க்கிறார். தோள், முதுகு, பின்னங்கால் ஆகியவற்றைத் தடவிப் பார்க்கிறார். முக்கோண வடிவில் ஓடச் செய்து நடையை அளவிடுகிறார். சில நிமிடங்களில் வெற்றிக் கோப்பை யாருக்கு என்பது முடிவாகிவிடுகிறது.

அந்தச் சில நிமிடங்களில் நடுவரால் அறிய இயலாதவை பல உண்டு. அவற்றுள் ஒன்று, அந்த நாய்க்கு இரண்டு காதுகளும் கேட்கின்றனவா என்பது. தமிழகத்தின் பெருமைக்குரிய ராஜபாளையம் நாயைப் பொருத்தவரை இது முக்கியமான கேள்வி.

நாய்க் கண்காட்சி என்பது ஏறத்தாழ 165 ஆண்டுகள் பழைமையான ஏற்பாடு. 1859-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் வேட்டைநாய்களுக்காக நடைபெற்ற போட்டியே முறைப்படி நடத்தப்பட்ட முதல் கண்காட்சியாகக் கருதப்படுகிறது. 1873-இல் பிரிட்டனின் கென்னல் கிளப் தோன்றியது. 1891-இல் சார்லஸ் கிரஃப்ட் என்பவர் லண்டனில் தொடங்கிய கண்காட்சி, அவர் பெயராலேயே 'கிரஃப்ட்ஸ்' என்று இன்றும் நடைபெற்று வருகிறது. இந்தியாவில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப் நாய்களின் வம்சாவளியைப் பதிவு செய்து சான்றிதழ் அளிக்கிறது.

கண்காட்சியின் அடிப்படை நோக்கம் அழகுப் போட்டி அன்று. அடுத்த தலைமுறையை ஈனத் தகுதியான நாய் எது என்பதைத் தேர்ந்தெடுப்பதே நோக்கம். அதற்காகவே ஒவ்வோர் இனத்துக்கும் உயரம், தலையமைப்பு, வால், உரோமம், நிறம் ஆகியவற்றை வரையறுக்கும் 'இனத் தரவரையறை' எழுதப்பட்டது. வெல்லும் நாய்க்கு இனச்சேர்க்கை வாய்ப்புகள் பெருகுகின்றன. அதன் குட்டிகளுக்கு விலை கூடுகிறது. ஆகவே, நடுவர் எதை விரும்புகிறாரோ அதுவே சில தலைமுறைகளில் அந்த இனத்தின் உடலாக மாறிவிடுகிறது.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரியும் கூறுகளை மட்டும் கூர்மைப்படுத்திக்கொண்டே சென்றால், கண்ணுக்குத் தெரியாதவை கைவிட்டுப் போகும். 2008-இல் பிபிசி ஒளிபரப்பிய ஓர் ஆவணப்படம், வம்சாவளி நாய்களின் உடற்கேடுகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. மூச்சுவிடத் திணறும் தட்டைமுக நாய்களும், மூளைக்கு இடம் போதாத மண்டையோடு கொண்ட சிறு நாய்களும் மக்களைத் திடுக்கிட வைத்தன. மறு ஆண்டு கிரஃப்ட்ஸ் கண்காட்சியை ஒளிபரப்புவதையே பிபிசி நிறுத்திக்கொண்டது. கென்னல் கிளப் பல இனங்களின் தரவரையறையைத் திருத்த நேர்ந்தது.

'அது வெளிநாட்டுக் கதை; நம் நாட்டு நாய்கள் திடமானவை' என்று நாம் ஆறுதல் கொள்வதுண்டு. ஓரளவு அது உண்மையே. சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் கரிசல் வெயிலிலும் மலையடிவாரத்திலும் உழைத்து உருவானவை. முயலைத் துரத்தவும், ஆட்டுக்கிடையைக் காக்கவும், தோட்டத்தில் காவல் இருக்கவும் வல்லவையா என்பதே அவற்றுக்கு வைக்கப்பட்ட தேர்வு. அதில் தேறாத நாய்க்கு வம்சம் இல்லை. ஆனால், ராஜபாளையம் நாயின் விஷயத்தில் நாம் ஒரு நிறத்தின் மீது அளவுகடந்த ஆசை வைத்துவிட்டோம்.

விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையம் நகரின் பெயரைத் தாங்கிய இந்த நாய், பால் போன்ற வெள்ளை உடலுக்கும் இளஞ்சிவப்பு மூக்குக்கும் பெயர் பெற்றது. காட்டுப்பன்றி வேட்டைக்கும் வீட்டுக் காவலுக்கும் வளர்க்கப்பட்டது. 2005-இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாயினங்களின் அஞ்சல்தலைகளுள் ஒன்றில் இடம்பெற்றது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் உள்நாட்டு நாயினங்களைக் குறிப்பிட்டபோது இதன் பெயரும் ஒலித்தது. இந்த இனத்தில் புள்ளியோ பழுப்போ கொண்ட குட்டிகளும் பிறப்பதுண்டு. ஆயினும், மாசற்ற வெள்ளைக்கே சந்தையில் மதிப்பு. நிறமுள்ள குட்டி 'கலப்பு' என்று ஒதுக்கப்படுகிறது.

வெண்மைக்கும் செவித்திறனுக்கும் என்ன தொடர்பு? தோலுக்கும் உரோமத்துக்கும் நிறம் தரும் நிறமிச் செல்கள் வெறும் அலங்காரத்துக்கானவை அல்ல. உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்களைச் சூழ்ந்துள்ள திரவத்தின் வேதிச் சமநிலையைக் காப்பதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. வெண்மையை உண்டாக்கும் சில மரபணுக்கள் நிறமிச் செல்கள் உடலெங்கும் பரவுவதைத் தடுக்கின்றன. அவை உட்செவியைச் சென்றடையாவிட்டால், குட்டி பிறந்து மூன்று, நான்கு வாரங்களுக்குள் அப்பகுதியின் இரத்த ஓட்டம் நலிந்து, நுண்மயிர்ச் செல்கள் மடிகின்றன. மடிந்தவை மீண்டும் வளர்வதில்லை. இந்தக் கேளாமைக்கு மருந்தும் இல்லை.

வெள்ளை நாய் எல்லாமே செவிடு என்பது இதன் பொருள் அன்று. கூர்மையான செவியோடு நிறைவாழ்வு வாழும் ராஜபாளையம் நாய்கள் ஏராளம். ஆனால், நிறமுள்ள குட்டிகளைத் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கி, வெள்ளையோடு வெள்ளையை மட்டுமே இணைத்து வந்தால், கேளாமைக்கான வாய்ப்பு கூடும் என்பதே பொருள்.

டால்மேஷியன் நாய்களின் அனுபவம் இதற்குச் சான்று. அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளில், அந்த இனத்தின் ஏறத்தாழ 30 விழுக்காட்டு நாய்களுக்கு ஒரு காதோ இரு காதுகளுமோ கேட்பதில்லை என்று தெரியவந்தது. பிறக்கும்போதே பெரிய கருந்திட்டுடன் பிறக்கும் டால்மேஷியன் குட்டிகளிடம் இக்குறை குறைவு. ஆனால், அத்தகைய திட்டு கண்காட்சித் தரவரையறையில் குற்றம். நன்றாகக் கேட்கக்கூடிய குட்டியை விதியே வெளியேற்றுகிறது.

இரு காதுகளும் கேளாத குட்டியை ஒருவாறு கண்டுகொள்ளலாம். உடன்பிறந்த குட்டிகள் எழுந்து ஓடும்போது அதுவும் ஓடும் என்பதால், தனியே உறங்கும்போதுதான் சோதிக்க வேண்டும். தரையைத் தட்டினால் அதிர்வை உணர்ந்து விழித்துவிடும். எனவே, அதிர்வில்லாத ஒலியாக இருக்க வேண்டும். ஒரு காது மட்டும் கேளாத நாயையோ வீட்டில் கண்டறிவது மிகக் கடினம். அது அழைத்தால் வரும். கண்காட்சியில் வெல்லவும் கூடும். குறையைக் குட்டிகளுக்குக் கடத்தவும் கூடும். தலையில் நுண்ணிய மின்முனைகளைப் பொருத்தி, ஒலிக்கு மூளைத்தண்டு காட்டும் மின் எதிர்வினையை அளக்கும் சோதனை ஒன்றே உறுதியான வழி. குட்டிக்கு ஆறு வாரம் ஆகும்போதே அதைச் செய்துவிடலாம்.

குறையை அறியாமல் வளர்ப்பதன் விளைவு கொடியது. அழைத்தால் வராத நாய் 'அடங்காப்பிடாரி' என்று அடிபடுகிறது. உறங்கும்போது பின்னாலிருந்து தொடும் குழந்தையைத் திடுக்கிட்டுக் கவ்வுகிறது. 'கடிநாய்' என்று பெயர் வாங்குகிறது. பிறகு சங்கிலி, அதன் பிறகு ஊருக்கு வெளியே ஒரு சாலையோரம். குற்றம் நாயுடையது அன்று.

கேளாத நாயைப் பழக்க முடியாது என்பதும் தவறான எண்ணம். நாய்கள் சொல்லைவிட உடல்மொழியையே விரைவாகப் படிக்கின்றன. 'உட்கார்', 'நில்', 'வா' ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கையசைவுகளும், 'நன்று' என்பதற்கு ஓர் அடையாளமும் உடனே ஒரு தின்பண்டமும் போதும். இருட்டில் கைவிளக்கை ஒருமுறை மினுக்கி அழைக்கலாம். எப்போதும் முன்புறமாக அணுக வேண்டும். பொது இடத்தில் கயிற்றிலிருந்து அவிழ்க்கவே கூடாது என்பது மட்டும் விலக்கில்லாத விதி. வரும் வாகனத்தின் ஒலி அதற்குக் கேட்காது.

இந்தப் பொறுமை, நன்றாகக் கேட்கும் நம் நாட்டு வேட்டைநாய்களுக்கும் தேவை. அவை தாமே முடிவெடுத்து ஓடி வேட்டையாடிய மரபில் வந்தவை. ஆணைக்குக் காத்திருக்கும் இயல்பு குறைவு. அதட்டலுக்குச் சுருங்கிவிடும் இயல்பு மிகுதி. மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறைய பதினான்காம் வாரம் வரை ஒரு குட்டி எந்தெந்த மனிதர்களை, ஒலிகளை, பொருள்களைக் கண்டு பழகுகிறதோ, அவற்றோடுதான் பின்னாளில் அச்சமின்றி வாழும். அந்த நாள்களில் குட்டியைக் கொட்டகையில் பூட்டி வைத்துவிட்டு, வளர்ந்த பின் 'யாரையும் அண்டவிடமாட்டேன் என்கிறது' என்று பெருமைப்படுவதும் வருந்துவதும் ஒருங்கே வீண். தடுப்பூசி முடியாத குட்டியைத் தரையில் விடாமல் கையில் ஏந்தியேனும் கடைத்தெருவைக் காட்டலாம்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் காட்டு விலங்கு வேட்டை குற்றமாயிற்று. அது தேவையான சட்டம். ஆனால், ஓட்டத்துக்கென்றே உருவான கால்கள் நாயிடம் அப்படியே இருக்கின்றன. அந்தக் கால்களுக்கு இன்று நாம் தரக்கூடிய வேலை நடைப்பயிற்சி ஒன்றுதான். பெருநகரங்களில் நாய் வளர்ப்போர் சிலர் சேர்ந்து விடுமுறைக் காலைகளில் கூட்டாக நடக்கும் வழக்கம் பரவி வருவது வரவேற்கத்தக்கது. ஆனால், அது முறையாக நடக்க வேண்டும்.

அறிமுகமில்லாத நாய்களை நேருக்கு நேர் மூக்கோடு மூக்கு முட்டவிடுவது சண்டைக்கு அழைப்பு. ஒரே திசையில், இடைவெளிவிட்டு, இணையாக நடக்கத் தொடங்கி, அவை இயல்பாக மூச்சுவிடத் தொடங்கியதும் இடைவெளியைக் குறைக்க வேண்டும். சிப்பிப்பாறை போன்ற ஒல்லித்தலை நாய்களுக்குச் சாதாரணக் கழுத்துப்பட்டை எளிதில் நழுவும்; இழுத்தால் அளவோடு இறுகும் அகலமான பட்டையே ஏற்றது. ஓடும் பூனையைக் கண்டால் பயிற்சி பெற்ற வேட்டைநாயும் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்பதால் கயிறு எப்போதும் கையில் இருக்க வேண்டும். புறங்கையைச் சில நொடிகள் வைக்க முடியாத அளவுக்குச் சாலை சுட்டால், அது நாயின் பாதத்துக்கும் சுடும். வெறிநோய்த் தடுப்பூசி போடாத நாய்க்கும், சினைப்பருவத்தில் உள்ள பெண் நாய்க்கும் கூட்டத்தில் இடம் இல்லை. நாய்க்கு அஞ்சும் மூதாட்டி ஒருவர் எதிரே வந்தால், ஒதுங்கி வழிவிட வேண்டியவர்கள் நாய் வைத்திருப்பவர்களே. எச்சத்தை அகற்றும் பை இல்லாமல் கிளம்புவோர் கிளம்பாமலே இருப்பது நன்று.

சட்டம் இல்லாமல் இல்லை. நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பாக 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, இனப்பெருக்கம் செய்வோர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும். பதினெட்டு மாதம் நிரம்பாத நாயை ஈனச் செய்யக்கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுகளே உச்சவரம்பு. நடைமுறையிலோ, கைப்பேசியில் படம் பார்த்து, கண் திறந்து சில நாள்களே ஆன குட்டியைப் பேருந்து நிலையத்தில் அட்டைப்பெட்டியில் வாங்கிச் செல்லும் வணிகம் தொடர்கிறது.

மூன்று மாற்றங்கள் அவசியம். ராஜபாளையம் நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தும் முன் செவித்திறன் சோதனைச் சான்று கட்டாயமாக்கப்பட வேண்டும். அந்தக் கருவி அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் குறைந்த கட்டணத்தில் கிடைக்க வேண்டும். நிறமுள்ள ராஜபாளையம் குட்டிகளுக்கும் வம்சாவளிப் பதிவில் இடம் தரப்பட வேண்டும். அவை இனத்தின் களங்கம் அல்ல, காப்புறுதி. மூன்றாவது மாற்றம் வாங்குவோரிடம் இருக்கிறது. 'சுத்த வெள்ளையா?' என்று கேட்பதற்கு முன், 'தாய்க்கும் தந்தைக்கும் காது கேட்கிறதா?' என்று கேட்கத் தொடங்கினால், விற்போர் தாமாக மாறுவர்.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் எழுப்பப்பட்ட நடுகல் ஒன்று உள்ளது. எருமைகளைக் காக்கும் போரில் வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கான கல் அது. அவன் உருவத்தின் அருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது. நாயின் பெயரும் செயலும் கல்லில் இருக்கின்றன; நிறம் இல்லை. அதை எழுதிவைக்க வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.