கீழ் எல்லை 3000, மேல் எல்லை 2000

சிவகாசியில் உருவாகும் வாணவெடிக்குள் மெதுவாக எரியும் திரி ஒன்று இருக்கும். அது சீக்கிரம் எரிந்து முடிந்தால் வெடி தாழ்வாகவே விரியும். தாமதித்தாலோ வெடி தரையை நோக்கி இறங்கத் தொடங்கிவிடும். ஆக, திரியின் வேகத்துக்குக் கீழே ஓர் எல்லை, மேலே ஓர் எல்லை. கணினிச் சில்லுக்குள் துடிக்கும் கடிகாரமும் அப்படித்தான்.

இந்தக் கடிகாரம் மணி காட்டாது. குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்விலிருந்து பிறக்கும் சீரான மின்துடிப்பு அது. ஒவ்வொரு துடிப்புக்கும் சுற்றுகள் ஓர் அடி முன்னே வைக்கின்றன. அடுத்த துடிப்பு வருவதற்குள் சமிக்ஞை தன் வழியைக் கடந்தாக வேண்டும். இல்லையென்றால் தப்பான விடை பதிவாகிவிடும். மேல் எல்லை பிறப்பது இதனால்தான். அது சில்லுக்குச் சில்லு மாறும். சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' வரிசையில் 2018இல் வந்த இரண்டு சில்லுகளைப் பாருங்கள்: 22 நானோமீட்டர் நுட்பத்தில் செய்தது 320 மெகாஹெர்ட்ஸில் ஓடியது, சண்டிகரில் 180 நானோமீட்டர் நுட்பத்தில் செய்தது 70 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. கீழ் எல்லைக்கும் காரணம் உண்டு. முழு எச்.டி. திரைக்கு வழக்கமான முறையில் நொடிக்கு 60 படம் அனுப்ப 148.5 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு வேண்டும். அதற்குக் குறைந்தால் அந்த முறையில் அத்தனை படம் அனுப்ப முடியாது.

சிக்கல் தொடங்குவது ஒரே கடிகாரத்தைப் பல டிரைவர்கள், அதாவது சாதனங்களை இயக்கும் நிரல்கள், பங்குபோடும்போது. 'இதற்குக் கீழே போகாதே, இதற்கு மேலே போகாதே' என்று ஒவ்வொன்றும் தன் வரம்பைச் சொல்லும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இந்த வசதி 2015இல் வந்தது. கீழ் எல்லைகளில் பெரியதையும் மேல் எல்லைகளில் சிறியதையும் கெர்னல் எடுத்துக்கொள்ளும். சரி, ஒரு டிரைவர் 1000 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை கேட்டு, இன்னொன்று 3000 முதல் 4000 வரை கேட்டால்? கீழ் எல்லை 3000, மேல் எல்லை 2000. அப்படி ஓர் எண் உலகத்திலேயே கிடையாது.

இந்த முரணை நேரடியாகச் சோதிக்கும் வரி 2022 வரை கெர்னலில் இல்லை என்பதுதான் வியப்பு. ஆனாலும் கோரிக்கை பெரும்பாலும் நிராகரிக்கப்பட்டது, தற்செயலாக! கெர்னல் வேகத்தை 3000க்கு மாற்றப் புறப்படும். கணக்கின் ஆழத்தில் எங்கோ, 3000 என்பது 2000ஐத் தாண்டுகிறது என்று கண்டு பிழை சொல்லித் திரும்பும். கேட்ட வேகத்தை நடுவழியில் திருத்திக் கொடுக்கும் டிரைவர் ஒன்று குறுக்கே வந்தால் அந்தப் பிழை வெளியே தெரியாமலே போகலாம்.

மாக்சிம் ரிப்பார் என்ற நிரலாளர் செய்த திருத்தம் சிறியது. புதிய வரம்பு வந்ததும் மற்ற எல்லோருடைய வரம்போடும் அதை ஒப்பிடு. ஒன்றோடொன்று தொடாவிட்டால் எதையும் அசைக்கும் முன்பே மறுத்துவிடு. சரியான விடை தற்செயலாக வந்தால் அதை நம்பக் கூடாது என்ற பிடிவாதம் அதில் இருக்கிறது. அந்தப் பிடிவாதத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்த வரிகள் எவரும் படிக்கத் திறந்தே கிடக்கின்றன. 1984 முதல் சிவகாசியில் இயங்கும் மெப்கோ ஷ்லெங்க் கல்லூரி மாணவர்களும், அந்த மாவட்டத்தின் மற்ற மாணவர்களும் ஒருமுறை திறந்து படித்துப் பாருங்கள். குறை கண்டால் திருத்தி அனுப்புங்கள்.