எந்த வேலைக்கு எந்தக் கிளவுஸ்?

2025 வரை அமலில் இருந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. விபத்தில் உடம்பின் எந்தப் பகுதி போனால், சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனதாகக் கணக்கு என்று அதில் போட்டிருந்தது. கட்டைவிரலுக்கு 30. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, எலும்பு தப்பி நுனி மட்டும் போனால் 5. நடுவிரலுக்கு 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ போனால் 7. அன்றைய இ.எஸ்.ஐ. சட்டத்திலும் இதே கணக்குதான் இருந்தது. ஐந்து விரலுக்கும் விலை போட்டு வைத்திருக்கிற நாட்டில், அந்த விரல்களைக் காக்கிற கிளவுஸை மட்டும் யாரும் கணக்குப் பார்த்து வாங்குவதில்லை.

ஒரகடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது வடக்குப்பட்டு. 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை இங்கே தோண்டியபோது இடைக்கற்காலக் கல் கருவிகள் கிடைத்தன. ஆக, கையைக் கிழிக்கும் கூர் விளிம்போடு மல்லுக்கட்டுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. இன்று ஊரைச் சுற்றிலும் ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, செல்போன் என்று எல்லாம் தயாராகின்றன. பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சின்னச் சின்ன ஷெட்டுகள் அவற்றைவிட அதிகம். அந்த ஷெட்டுகள் பலவற்றின் ஸ்டோர்ஸில் இருப்பது ஒரே ரகம்தான்: வெள்ளைக் காட்டன் நூலில் பின்னிய கிளவுஸ். பிரஸ் ஷாப்புக்கும் அதுதான், பெயின்ட் அறைக்கும் அதுதான், வெல்டிங்குக்கும் அதுதான். "கிளவுஸ் போட்டியா?" என்று கேட்கும் சூப்பர்வைசர் "எந்தக் கிளவுஸ்?" என்று கேட்பதில்லை.

போடவே கூடாத இடம்

தேர்வு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். டிரில்லிங் மெஷின், லேத், மில்லிங் என்று சுழலும் பாகம் வெளியே தெரிகிற எந்த எந்திரத்திலும், அது ஓடிக்கொண்டிருக்கும்போது கிளவுஸ் போடக் கூடாது.

காரணம் எளிது. நிமிடத்துக்கு 900 சுற்று ஓடும் ஒரு டிரில், நொடிக்கு 15 முறை சுற்றுகிறது. விரலில் ஏதோ இழுக்கிறது என்று மூளைக்குத் தெரிந்து கை பின்வாங்க, நல்ல சுறுசுறுப்பான ஆளுக்கும் ஐந்தில் ஒரு நொடி ஆகும். அதற்குள் டிரில் மூன்று முறை சுற்றியிருக்கும். காட்டன் கிளவுஸின் ஒரே ஒரு நூல் டிரில்லின் வளைந்த பள்ளத்திலோ, அதில் சுருண்டு தொங்கும் இரும்புச் சீவலிலோ மாட்டினால் போதும். நூல் அறுந்துபோகாது. மொத்தக் கிளவுஸையும் முறுக்கிக்கொண்டு உள்ளே போகும், அதோடு விரலும் போகும். வெறும் கையாக இருந்திருந்தால் தோல் கிழிந்திருக்கும், இரண்டு தையலோடு முடிந்திருக்கும். சீவலை எடுக்க வேண்டுமா? மெஷினை நிறுத்திவிட்டு, பிரஷ்ஷாலோ கொக்கியாலோ எடுங்கள்.

பவர் பிரஸ்ஸின் கதை வேறு. அங்கே கிளவுஸ் போடலாம், தகட்டின் கூர்மைக்காக. ஆனால் பல டன் அழுத்தத்தோடு இறங்கும் டையின் முன்னால் எந்தக் கிளவுஸும் ஒன்றுமில்லை. வாகன உதிரிபாகத் தொழிலில் விரல் இழந்தவர்களைப் பற்றி 'சேஃப் இன் இந்தியா' என்ற அமைப்பு 2019 முதல் தொடர்ந்து அறிக்கை வெளியிடுகிறது. ஹரியானா, மகாராஷ்டிரத் தொழிலாளர்களிடம் அது திரட்டிய விவரங்களில், விரலை வாங்கும் எந்திரங்களில் முதலிடம் பவர் பிரஸ்ஸுக்குத்தான். அங்கே காப்பாற்றுவது, இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் பட்டன் அழுத்தினால்தான் இறங்கும் அமைப்பும், கை குறுக்கே வந்தால் நிறுத்திவிடும் ஒளித்திரையும். அவை கெட்டுக் கிடக்கிற பிரஸ்ஸில் ஒருவருக்குப் புதுக் கிளவுஸ் கொடுத்து உட்காரவைப்பதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதுகில் அச்சிட்ட எண்கள்

நல்ல கிளவுஸின் புறங்கையில் சுத்தியல் படம் போட்ட ஒரு சின்ன கேடயக் குறி இருக்கும். பக்கத்தில் ஈ.என். 388 என்றும், கீழே நான்கு எண்ணும் ஒன்றிரண்டு எழுத்தும் அச்சாகியிருக்கும். ஐரோப்பியத் தரம் என்றாலும் நம் ஊர்க் கடைகளில் விற்பவற்றிலும் இதையே பார்க்கிறோம். அதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் எண் உராய்வு, இரண்டாவது வெட்டு, மூன்றாவது கிழிசல், நான்காவது குத்து. வெட்டுக்கு 1 முதல் 5 வரை, மற்றவற்றுக்கு 1 முதல் 4 வரை; எண் கூடக் கூடப் பலம் கூடும். 'எக்ஸ்' என்றிருந்தால் அந்தச் சோதனை செய்யவில்லை, அல்லது செய்து பயனில்லை என்று பொருள்.

இரண்டாவது எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அந்தச் சோதனையில் ஒரு வட்டக் கத்தி துணிமேல் முன்னும் பின்னும் ஓடும். கண்ணாடி இழை கலந்த நூலாக இருந்தால் கத்தியே மழுங்கிவிடும். கிளவுஸுக்கு இல்லாத பலம் இருப்பதுபோல் எண் காட்டும். அதனால்தான் 2016-இல் தரத்தைத் திருத்தி, ஐந்தாவது இடத்தில் ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்தைச் சேர்த்தார்கள். புது பிளேடு கிளவுஸை அறுத்து உள்ளே போக எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை அது சொல்கிறது. ஏ என்றால் 2 நியூட்டன், சி என்றால் 10, எஃப் என்றால் 30. பத்து நியூட்டன் என்பது ஏறக்குறைய ஒரு கிலோ எடை அழுத்துகிற அழுத்தம். பிசிர் எடுத்த சின்னப் பாகங்களைப் பெட்டியில் அடுக்குகிறவருக்கு ஏ அல்லது பி போதும். பிசிர் எடுக்காத தகட்டையோ கண்ணாடிப் பலகையையோ தூக்குகிறவருக்கு டி-க்குக் கீழே கொடுக்கக் கூடாது; மணிக்கட்டுக்கு மேலே முழங்கை வரை உறையும் வேண்டும். கண்ணாடி சறுக்கும்போது முதலில் அறுப்பது உள்ளங்கையை அல்ல, மணிக்கட்டை. கத்தி மோட்டாரில் ஓடுகிறதென்றால் எஃப் கூட உதவாது.

நான்காவது எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. குத்துச் சோதனைக்குப் பயன்படுத்தும் கம்பி நான்கரை மில்லிமீட்டர் தடிமன். டயரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் முடி போன்ற எஃகுக் கம்பிக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. 4 என்று போட்டிருந்தாலும் மெல்லிய கம்பி நூல்களுக்கு நடுவே சுகமாக நுழைந்துவிடும்.

பூச்சையும் பாருங்கள். காய்ந்த பாகங்களைப் பிடிக்க பி.யு. (பாலியூரிதேன்) பூச்சு நன்றாக இருக்கும். தகட்டில் எண்ணெய் பூசியிருந்தால் அது வழுக்கும். மணல்போல் சொரசொரப்பான நைட்ரைல் பூச்சு வேண்டும். காட்டன் கிளவுஸ் எண்ணெயை உறிஞ்சி, ஷிஃப்ட் முடியும்வரை தோலோடு ஒட்டவைத்திருக்கும்.

ஒழுகாவிட்டால் பாதுகாப்பா?

அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரி வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான். 1996 ஆகஸ்டில் ஆய்வகத்தில் டைமெத்தில் மெர்குரியின் சில துளிகள் அவர் கையில் சிந்தின. லேடெக்ஸ் கிளவுஸ் போட்டிருந்தார். கிளவுஸ் கிழியவில்லை, ஓட்டையும் இல்லை. சில மாதம் கழித்து நடை தடுமாறியது, பேச்சு குழறியது. 1997 ஜூனில் இறந்துபோனார். பிறகு சோதித்துப் பார்த்தபோது, அந்தத் திரவம் 15 நொடிக்குள் லேடெக்ஸை ஊடுருவிவிடும் என்று தெரிந்தது.

நம் பெயின்ட் ஷாப்பில் டைமெத்தில் மெர்குரி கிடையாது. ஆனால் ஊடுருவல் இருக்கிறது. தின்னரில் டொலுயீனும் அசிட்டோனும் கலந்திருக்கும். நீல நிற மெல்லிய நைட்ரைல் கிளவுஸை மாட்டிக்கொண்டு தின்னரில் துணி நனைத்துத் துடைத்தால், சில நிமிடங்களிலேயே கை குளிர்ந்தாற்போல் இருக்கும். உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். கிளவுஸ் பார்வைக்கு முழுசாகத்தான் இருக்கும்.

எல்லா ரசாயனத்துக்கும் ஏற்ற ரப்பர் என்று ஒன்று கிடையாது. எண்ணெய், கிரீஸ், டீசல், கூலன்ட் என்றால் நைட்ரைல் அருமை, அசிட்டோனிடம் தோற்றுவிடும். அசிட்டோனுக்கு பியூட்டைல் ரப்பர். அதை எண்ணெயிலோ பெட்ரோலிலோ போட்டால் உப்பி வீணாகும். லேடெக்ஸும் எண்ணெயில் ஊறிப் பஞ்சாகிவிடும். எபாக்சி பசை லேடெக்ஸைக் கடந்து தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். அந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் ஆயுசுக்கும் போகாது.

பின் எதை வைத்து முடிவு செய்வது? ரசாயன டிரம்மோடு வரும் பாதுகாப்புத் தாளின் எட்டாவது பகுதியில் என்ன கிளவுஸ் வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும். "நைட்ரைல்" என்று ஒரு சொல்லோடு விட்டிருந்தால் தடிமன் எவ்வளவு, எத்தனை நிமிடம் தாங்கும் என்று விற்றவரையே கேளுங்கள். கிளவுஸில் ஐ.எஸ்.ஓ. 374 என்ற குறியும் குடுவைப் படமும் பாருங்கள். அதில் ஏ ரகம் என்றால் சோதனைப் பட்டியலிலுள்ள ஆறு ரசாயனங்களையாவது அரை மணி நேரம் தாங்கியது. பி ரகம் மூன்றை. சி ரகம் ஒன்றே ஒன்றை, அதுவும் 10 நிமிடம். அரை மணி தாங்கும் கிளவுஸை எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு ஒன்று என்று எண்ணிக் கொடுக்கும் ஸ்டோர்ஸ்காரருக்கு இந்த வரியைக் காட்டலாம்.

சூடு, வெல்டிங், கரன்ட்

சூட்டுக்கு ஈ.என். 407. தொடுசூட்டில் முதல் நிலை 100 டிகிரி, இரண்டாவது 250, மூன்றாவது 350, நான்காவது 500. எந்த நிலையானாலும் தாங்க வேண்டிய நேரம் 15 நொடிதான். சூடான அச்சைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்க அது போடப்பட்டதல்ல. ஈரமான கிளவுஸ் சூட்டை வேகமாக உள்ளே விடும். பழைய ஃபவுண்டரிகளில் ஆஸ்பெஸ்டாஸ் கிளவுஸ் இன்னும் கிடந்தால் தொடாதீர்கள். அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது, அதற்கு மாற்றாக அராமிட் இழை வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது.

டிக் வெல்டிங்குக்கு விரல் மடங்கும் மெல்லிய ஆட்டுத்தோல், மற்றதற்குத் தடித்த மாட்டுத்தோல். கரன்ட் வேலைக்கு ஐ.எஸ். 4770 முத்திரையுள்ள ரப்பர் கிளவுஸ். வகுப்பு 0 என்றால் 1000 வோல்ட் வரை. ஒவ்வொரு முறையும் வாய்ப்பக்கத்தைச் சுருட்டிக் காற்றை அடைத்து, கன்னத்தருகே வைத்துக் கசிகிறதா பாருங்கள். மேலே தோல் கிளவுஸ் போட வேண்டும், இல்லையென்றால் ஒரு பிசிர் போதும் ரப்பரை ஓட்டையாக்க. எலெக்ட்ரானிக்ஸ் லைனில் கொடுக்கும் இ.எஸ்.டி. கிளவுஸ் காப்பாற்றுவது சர்க்யூட் போர்டை, உங்களை அல்ல. அதை மாட்டிக்கொண்டு மின்சாரப் பேனலைத் திறக்காதீர்கள்.

கிளவுஸுக்கு உள்ளே நடப்பது

ரப்பர் கிளவுஸ் மருத்துவத்துக்குள் வந்ததே ஒரு தொழிலாளியின் தோலைக் காக்கத்தான். பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், 1889-90 வாக்கில், கிருமிநாசினியான மெர்க்குரிக் குளோரைடு பட்டு கரோலின் ஹாம்ப்டன் என்ற செவிலியின் கைகள் புண்ணாயின. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் அவருக்காக மெல்லிய ரப்பர் கிளவுஸ் செய்யச் சொல்லி குட்இயர் கம்பெனிக்கு எழுதினார். பிறகு அவரையே மணந்துகொண்டார் என்பது கூடுதல் செய்தி.

அதே கிளவுஸ் நம் சித்திரை வெயிலில் வேறு வேலை செய்கிறது. தகர ஷெட்டுக்குள் இரண்டு மணி நேரம் ரப்பர் மாட்டிக்கொண்டிருந்தால் கை வியர்வையில் ஊறி, விரல் நுனி வெளுத்துச் சுருங்கும். ஊறிய தோல் ரசாயனத்தை எளிதாக உள்ளே விடும், பூஞ்சையும் பிடிக்கும். உள்ளே மெல்லிய காட்டன் கிளவுஸ் போட்டு, நனைந்ததும் மாற்றுங்கள். ஈரக் கையோடு மாட்டாதீர்கள். ஒரே இடத்தில் சிவந்து, அரித்து, தோல் வெடித்து, லீவு நாளில் குறைந்து, வேலைக்கு வந்ததும் திரும்ப வந்தால் அது வெறும் சொறியல்ல. ரசாயனமும் பெயின்டும் பட்டு வரும் தோல் அழற்சி, 2025 வரை அமலில் இருந்த தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே இடம்பெற்ற தொழில்நோய். மெடிக்கல் ஷாப்பில் ட்யூப் வாங்கித் தடவிக்கொண்டே போகாமல், என்ன வேலை, என்ன பொருள், என்ன கிளவுஸ் என்ற மூன்றையும் இ.எஸ்.ஐ. டாக்டரிடம் சொல்லுங்கள். சிலருக்குக் கிளவுஸே ஒவ்வாமை தரும்: லேடெக்ஸ், ரப்பரில் சேர்க்கும் ரசாயனம், தோலைப் பதனிடும் குரோமியம், எதுவாகவும் இருக்கலாம்.

ஷிஃப்ட் முடிந்ததும் தின்னரில் கை கழுவும் பழக்கம், பகல் முழுக்கக் கிளவுஸ் சேர்த்த புண்ணியத்தை ஒரே நிமிடத்தில் கரைத்துவிடும். சோப்புத் தூளும் மரத்தூளும் போட்டுத் தேய்ப்பதும் தோலை அரம் போட்டதுபோல்தான். சாதாரண சோப்பு, பிறகு கொஞ்சம் தேங்காய் எண்ணெய் போதும்.

அளவு

கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையின் அகலமான இடத்தைச் சுற்றி டேப் வைத்து அளங்கள். 7 அங்குலம் வந்தால் அளவு 7, 9 வந்தால் 9. இவ்வளவுதான் கணக்கு. ஆனால் ஸ்டோர்ஸில் 9-ம் 10-மே கிடக்கும். ஸ்ரீபெரும்புதூர் லைன்களில் வேலை பார்க்கும் பெண்கள் பலருக்கு வேண்டியது 6 அல்லது 7. விரல் நுனியில் அரை அங்குலம் காலியாகத் தொங்கும் கிளவுஸ் மாட்டிக்கொள்ளும், அல்லது ஸ்க்ரூ பிடிக்க வரவில்லை என்று கழற்றிவைக்கப்படும். கழற்றிவைத்த பெண்ணுக்கு மெமோ கொடுப்பதற்கு முன்னால் அளவைக் கேட்டிருக்கலாம்.

காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் அப்ரெண்டிஸுக்கும் மட்டமான ரகம், நிரந்தரத் தொழிலாளிக்கு நல்ல ரகம் என்ற பாகுபாட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். தகட்டுக்கு அது தெரியாது.

விரல் போனால், ஊசிமுனை குத்தினால்

கிளவுஸ் போடும் முன் மோதிரத்தைக் கழற்றுங்கள். அடியில் மோதிரம் இருந்தால், மாட்டி இழுக்கும்போது தோலையே உரித்தெடுக்கும்.

விரல் துண்டானால் காயத்தை அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடித்தபடி 108-ஐ அழையுங்கள். துண்டான விரலைக் கிளவுஸோடு கிடந்தாலும் தேடி எடுங்கள். சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேராக விரலில் படக் கூடாது, பட்டால் திசு செத்துவிடும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 1971-இல் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி தொடங்கிய கை அறுவைப் பிரிவு, இந்த வேலைக்கு நாடறிந்த இடம். எங்கே கொண்டுபோனாலும் ஆறு மணி நேரத்துக்குள் போய்ச் சேரப் பாருங்கள்.

இன்னொன்று, பலரும் ஏமாறுவது. ஹைட்ராலிக் ஹோஸ் கசிவு, கிரீஸ் கன், பெயின்ட் ஸ்ப்ரே ஆகியவற்றின் பீச்சல் எந்தக் கிளவுஸையும் துளைத்துத் தோலுக்குள் போகும். வெளியே ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளி. ரத்தம்கூட வராது, முதலில் வலியும் இருக்காது. உள்ளே எண்ணெய் விரல் நெடுகப் பரவிக்கொண்டிருக்கும், தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரும். பேண்டேஜ் ஒட்டி லைனுக்குத் திரும்பாதீர்கள். நேராகக் கை அறுவை மருத்துவர் உள்ள இடத்துக்குப் போய், "குத்திவிட்டது" என்று சொல்லாமல் "பிரஷர்ல எண்ணெய் உள்ள போயிருச்சு" என்று சொல்லுங்கள். என்ன எண்ணெய் என்று தெரிய டப்பாவின் லேபிளை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.