கிருஷ்ணகிரிக்கு ஒரு ரயில்: ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய லேஅவுட்டை எப்படி சரி செய்தோம்

எங்க மெக்கானிக்கல் பிளாக் ஸ்டோர் ரூமில் எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகை ஒன்று சுவரில் சாய்ந்து கிடந்தது. மேலே ரெண்டு சுற்று தண்டவாளம், பஞ்சடைத்த மாதிரி தூசி, எலி கடித்த ஒரு பொம்மை மலை. எப்போதோ படித்த சீனியர் யாரோ கொடுத்துவிட்டுப் போனதாம். செமஸ்டர் முடிவதற்குள் ரூமை காலி பண்ணணும், இல்லைன்னா எல்லாம் காயலான் கடைக்குத்தான் என்றார்கள். நாங்க நாலு பேர் "சார், இதை மட்டும் விடுங்க" என்று கேட்டு வாங்கினோம்.

முதலில் செய்த தப்பு, மலைக்குப் பெயின்ட் அடித்தது! பழைய லேஅவுட் கையில் கிடைத்தால் எல்லோருக்கும் கை அங்கேதான் போகும். மரம், வீடு, மலை எல்லாம் கடைசி. கீழே இருந்து மேலே வரணும்: பலகை, தண்டவாளம், வயரிங், இன்ஜின், அப்புறம்தான் அலங்காரம். பலகை வளைந்திருந்தால் மேலே என்ன செய்தாலும் வண்டி தடம் புரளும். ஸ்பிரிட் லெவல் வைத்துப் பார்த்து, அடியில் குறுக்குச் சட்டம் அடித்தால் பெரும்பாலும் சரியாகிடும்.

அடுத்ததுதான் எங்களை ரெண்டு வாரம் அலையவிட்ட விஷயம். வண்டி பவர் கொடுக்கும் இடத்தில் ஜோராக ஓடும், பலகையின் மறுமுனையில் நின்றுவிடும். மல்டிமீட்டர் வைத்தால் அங்கேயும் 12 வோல்ட் காட்டுது. அப்புறம் என்ன பிரச்சினை? இ.இ.இ. பிரெண்ட் ஒருத்தி வந்து சிரித்தாள்: "கரண்டே ஓடாதப்போ டிராப் எப்படிப்பா வரும்?" முதல் வருஷம் படித்த ஓம் விதிதான். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் தகட்டு ஜாயினர்கள் காலப்போக்கில் தளர்ந்து, கறுத்து, ஒவ்வொன்றும் ஒரு சின்ன ரெசிஸ்டர் ஆகிவிடும். ஒரு ஜாயினரில் 2 ஓம் என்று வைத்தால், அரை ஆம்பியர் இழுக்கும் இன்ஜினுக்கு அங்கே 1 வோல்ட் போச்சு. அப்படி அஞ்சு ஜாயினர் தாண்டினால் 5 வோல்ட் காலி. அதனால் லோடு வைத்துத்தான் அளக்கணும். பைக் இண்டிகேட்டரின் 12 வோல்ட் 10 வாட் பல்பு போதும். தண்டவாளத்தின் ரெண்டு பக்கமும் தொட்டுக்கொண்டே நகர்ந்தால், எங்கே மங்குதோ அங்கே பிரச்சினை.

தீர்வு எளிது, ஆனால் பொறுமை வேண்டும். பலகைக்கு அடியில் தடிமனான ரெண்டு வயரை முழுநீளத்துக்கும் ஓட்டி, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனித்தனியாக மெல்லிய வயரை சால்டர் பண்ணணும். இனி ஜாயினர் தண்டவாளத்தை நேராகப் பிடித்தால் போதும், கரண்ட் கடத்துவது அதன் வேலை இல்லை. சால்டர் சூட்டில் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருகும், அதனால் ரெண்டு பக்கமும் ஈரப் பஞ்சு வைக்கவும். (எங்களுக்கு ஆறு ஸ்லீப்பர் போனபிறகுதான் இது தெரிந்தது.)

தண்டவாளத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க. கீறல் விழும், கீறலில் அழுக்கு சேரும், மறுபடி தேய்ப்பீங்க. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பனியன் துணியும் போதும். பித்தளைத் தண்டவாளம் சீக்கிரம் கறுக்கும், முடிந்தால் நிக்கல் சில்வருக்கு மாறுங்க. பேர்தான் சில்வர், உள்ளே செம்பும் துத்தநாகமும் நிக்கலும்தான். இன்ஜினில் இறுகிப்போன கிரீஸை வழித்தெடுத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. வாட்ச் தயாரிக்கிற ஓசூரில் ஒரு சொட்டுன்னா எவ்வளவுன்னு சொல்லித்தரணுமா என்ன!

டி.சி.சி. தேவையா என்று பலர் கேட்டார்கள். பழைய முறையில் தண்டவாளத்து வோல்டேஜைக் கூட்டிக் குறைத்துத்தான் வேகம், அதனால் ஒரே தடத்தில் ரெண்டு வண்டி இருந்தால் ரெண்டும் சேர்ந்தே ஓடும். டி.சி.சி.யில் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்டேஜ், அதுவே சதுர அலையாகத் தகவலும் சுமக்கும். அலையின் பாதி 58 மைக்ரோசெகண்ட் என்றால் அது 1, 100 அல்லது அதற்குமேல் என்றால் 0. இன்ஜினுக்குள் இருக்கும் டீகோடர் தன் முகவரிக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒரே வண்டி என்றால் இது வீண் செலவு. ரெண்டு வண்டி என்றால், டி.சி.சி.-இ.எக்ஸ். என்ற இலவச மென்பொருளை ஆர்டுயினோவில் ஏற்றி, மோட்டார் ஷீல்டு சேர்த்து நாமே செய்துகொள்ளலாம். பழைய இன்ஜினில் மோட்டாரின் ஒரு முனை சேஸியோடு சேர்ந்தே இருக்கும். அதைப் பிரிக்காமல் டீகோடர் வைத்தால் புகைதான்.

மாணவர்களுக்கு இதெல்லாம் வெட்டி வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: எம்.ஐ.டி.யில் 1946ல் தொடங்கிய மாடல் ரயில் கிளப்பில், பலகைக்கு அடியில் டெலிபோன் ரிலேக்களை வைத்து வயரிங் பண்ணின பசங்க நடுவில் புழங்கிய சொல்தான் 'ஹேக்கர்'.

வயரிங் முடிந்தது. ஆனால் உள் சுற்று மட்டும் படுத்தியது. அதன் வளைவு 15 இன்ச் ரேடியஸ். நிஜ ஐ.சி.எஃப். பெட்டி 21 மீட்டருக்கு மேல் நீளம், 87ல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் இருபத்திநாலரை சென்டிமீட்டர் வரும். அந்த வளைவில் அது நிற்கவே நிற்காது. பெரிய வளைவு போட பலகையில் இடமில்லை.

அப்போதுதான் பழைய லைன் ஞாபகம் வந்தது. 1905ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ரெண்டரை அடி குறுகிய பாதையில் ரயில் ஓடியது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906ல் வந்த இன்னொரு பாதை 1913ல் ஓசூர் வரை நீண்டது. ரெண்டையும் போர்க்காலத்தில், 1941ல் மூடிவிட்டார்கள். ஓசூருக்குப் பிறகு வேறு பாதை கிடைத்தது. கிருஷ்ணகிரிக்கு இன்றுவரை ரயில் இல்லை. மாவட்டத் தலைநகர், ஆனால் ஸ்டேஷன் கிடையாது. எங்க கிளாஸில் அந்த ஊர்ப் பசங்க தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறார்கள்.

கணக்குப் போட்டோம். ரெண்டரை அடி என்பது 762 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 8.76. என் கேஜ் தண்டவாளம் கடையில் 9 மில்லிமீட்டரில் கிடைக்கிறது! குறுகிய பாதை, சின்ன பெட்டிகள், 15 இன்ச் வளைவில் தாராளமாகத் திரும்பும். என் கேஜ் இன்ஜினின் அடிப்பாகத்தை வாங்கி, மேலே 87ல் ஒரு பங்கு உடலை 3டி பிரிண்ட் பண்ணி வைத்தால் வேலை முடிந்தது. வெளிச்சுற்றை, அதாவது 16.5 மில்லிமீட்டர் தடத்தை, ஜோலார்பேட்டை–சேலம் அகலப்பாதை என்று வைத்துக்கொண்டோம். அளவுக்கணக்கில் அது 19க்கு மேல் இருக்கணும், அந்தப் பொய்யைப் பொறுத்துக்கொள்ளுங்க. ரெண்டும் சந்திக்கும் இடம் திருப்பத்தூர். உள்ளே வளைந்து மலையைச் சுற்றிப்போனால் கிருஷ்ணகிரி.

எலி கடித்த அந்த மலையைத்தான் கிருஷ்ணகிரிக் கோட்டை மலையாகச் செதுக்கிக்கொண்டிருக்கிறோம். ஸ்டேஷன் கட்டடம் மட்டும் இன்னும் அட்டைப்பெட்டியாக நிற்கிறது, பழைய ஸ்டேஷன் எப்படி இருந்தது என்று எங்களில் யாரும் பார்த்ததில்லை. உங்க தாத்தா பாட்டி வீட்டில் அந்த லைனின் போட்டோவோ டிக்கெட்டோ இருந்தால், மதியம் இடைவேளையில் ஸ்டோர் ரூமுக்குக் கொண்டு வாங்க. ஸ்கேன் பண்ணிட்டு உடனே திருப்பித் தந்துடுவோம்.